நாலாவது மண்வெட்டி

அயர்லாந்தின் லெய்ட்ரிம் மாவட்டத்துச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும், ஒரு தடவையாவது, ஃபெலிம் கில்ரேன் கொட்டிய உப்பின் மேல் ஓட்டியிருப்பார்கள். கவுன்ட்டி கவுன்சிலில் சாலை வேலை. குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே லாரியை எடுத்து, பனி இறுகாமல் இருக்க உப்பு தூவிக்கொண்டு போவார். மற்ற மாதங்களில் குழி அடைப்பது, வாய்க்கால் வெட்டுவது, வேலியோரப் புதரைக் கழிப்பது. வாய் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓயாது. பாதிரியார் பிரசங்கம் நீண்டால் பாதிரியாரைத் திட்டுவார். மழை பெய்தால் மழையைத் திட்டுவார், பெய்யாவிட்டால் வானிலை சொல்லும் பெண்ணைத் திட்டுவார். அப்படியொரு மனுஷனைக் கட்டிக்கொண்டு அட்ராக்டா எப்படித்தான் காலம் தள்ளினாளோ! கேட்டால், "அவர் கத்தட்டும், கோழிக்கெல்லாம் பழகிடுச்சு," என்பாள்.

ஃபெலிம் திட்டுவதற்கென்றே கடவுள் பக்கத்து வீட்டில் ஓர் ஆளை வைத்திருந்தார். ஃபின்டன் மெக்மாரோ. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஃபின்டன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அட்ராக்டாவின் அடுக்களையில்தான் பாதி நேரம் கிடப்பார். பிறகு கவுன்சிலர் ஆனார், எம்.பி. ஆனார், மந்திரி ஆனார், கட்சித் தலைவரும் ஆனார். அது சின்னக் கட்சி. பெரிய கட்சியோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது பெரிய கட்சி அம்மாள் பிரதமர் ஆனார், ஃபின்டன் துணைப் பிரதமர் ஆனார். எங்கள் ஊரில் அந்தப் பதவிக்கு டானிஷ்டா என்று பெயர்.

ஃபெலிம் வேறு கட்சி. அவர் அப்பாவும் அதே கட்சி, தாத்தாவும் அதே கட்சி. உள்நாட்டுச் சண்டையில் தாத்தா எந்தப் பக்கம் நின்றாரோ அந்தப் பக்கத்துக்குத்தான் பேரனும் ஓட்டுப் போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆனால் எங்கள் ஓட்டுச்சீட்டில் ஒருவருக்குப் போட்டதோடு முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் எழுதலாம். முதல் ஆள் தோற்றாலோ, தேவைக்கு மேல் ஓட்டு வாங்கினாலோ அந்த ஓட்டு அடுத்த எண்காரருக்குப் போகும். ஒன்றாம் எண்ணைத் தன் கட்சிக்கு எழுதிவிட்டு, இரண்டாம் எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எழுதுவார் ஃபெலிம். அட்ராக்டா ஒன்றாம் எண்ணையே ஃபின்டனுக்குப் போடுவாள், அதை மறைக்கவும் மாட்டாள்.

ஃபின்டன் டானிஷ்டா ஆகி முதல் தடவை ஊருக்கு வந்த சனிக்கிழமை, வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார் ஃபெலிம்.

"என்னடா, நாட்டுக்கே ரெண்டாவது ஆளாமே! என் சீட்டுல நீ எப்பவுமே ரெண்டாவதுதான். சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்க."

"அந்த ரெண்டாவது ஓட்டுலதான் ஜெயிச்சேன், ஃபெலிம். மறக்கல."

"அது சரி. அங்க என்னதான்டா உனக்கு வேலை?"

"ஒரு மந்திரி வேலை இருக்கு. அப்புறம் வியாழக்கிழமை சபையில எதிர்க்கட்சிக்காரங்ககிட்ட திட்டு வாங்கணும். பிரதமர் இல்லாத நேரத்துல அவங்க இடத்துல நான் நிக்கணும்."

"நிக்கிறதுக்கா சம்பளம்? அடப்பாவி! நானும்தான் கவுன்சில்ல இத்தனை வருஷம் மண்வெட்டி மேல சாஞ்சுகிட்டு நின்னேன். எனக்கு யாருடா கறுப்புக் கார் குடுத்தான்?"

அடுக்களை ஜன்னலிலிருந்து அட்ராக்டா சிரித்த சத்தம் வேலிவரை கேட்டது.

அந்த அட்ராக்டாதான் இந்த மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள். நோய் தெரிந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. கடைசி வாரத்தில் ஃபெலிமைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்குக் குழி வெட்ட மெஷின் வேண்டாம், ஃபெலிம். அக்கம்பக்கத்து ஆளுங்க கையால வெட்டட்டும்."

"சரிம்மா," என்றார் ஃபெலிம். அவர் வாயிலிருந்து ஒற்றை வார்த்தையில் பதில் வந்ததை அந்த வீடு அதற்குமுன் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் குழி வெட்டுவதற்கு ஆள் வைக்க மாட்டார்கள். செத்தவர் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற நாலு வீட்டிலிருந்து நாலு மண்வெட்டி வரும். ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் மண்ணைத் தொடக் கூடாது. எது ரொம்பக் கிட்ட இருக்கிற வீடோ அந்த வீட்டுக்காரர் முதல் புல்கட்டியைப் பெயர்க்க வேண்டும், குழியின் அடித்தரையைச் சமன் செய்து கடைசி மண்ணை அள்ளி மேலே போடுவதும் அவரேதான். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அது கூலி வேலை ஆகிவிடும், தானாக வந்தால்தான் மரியாதை.

அட்ராக்டா சின்னப் பெண்ணாகக் கல்யாணமாகி வந்தபோது அந்தச் சுற்றுவட்டத்தில் வீட்டுக்கு மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. எண்ணிப் பார்த்தால், பாக்கி கீனி என்ற ஆள் இருந்தார், ஃபெலிமோடு சாலை வேலை பார்த்தவர், வாயும் அதே அளவுதான். பள்ளிக்கூட வாத்தியார் லார்கன் இருந்தார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்ய லித்துவேனியாவிலிருந்து வந்து இங்கேயே வீடு வாங்கிவிட்ட டாரியஸ் இருந்தான். ஆக, மூன்று பேர். நாலாவது வீடு, அதுதான் முதல் வீடும்கூட, மெக்மாரோ வீடு.

சனிக்கிழமை தபாலில் ஃபின்டன் மெக்மாரோ பேரில் ஓர் அட்டை வந்தது. செத்தவருக்காகக் கோயிலில் பூசை வைத்திருப்பதாகச் சொல்லும் அட்டை. ஃபின்டன் அலுவலகத்திலிருந்து, தொகுதியில் யார் செத்தாலும் போகிற அதே அட்டை. கையெழுத்துகூட அச்சடித்தது.

ஃபெலிம் அதை மேசை மேல் வைத்துக் கையெழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கொதித்துவிட்டார்.

"ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கான்! வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புறான்! இவ போட்ட சோத்தைத் தின்னு வளர்ந்தவன்!"

பாஸ்டனிலிருந்து வந்திருந்த மகள் உர்சுலா, "ஒரு போன் பண்ணுங்கப்பா. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். சொன்னா வராமயா இருப்பாரு?" என்றாள்.

"கேட்டு வாங்குறதாடீ அது?"

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

ஃபெலிம் அட்டையைக் கவிழ்த்துப் போட்டார். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிற டூலன் ஏற்கெனவே மெதுவாகச் சொல்லிவைத்திருந்தார்: "ஃபெலிம், திங்கக்கிழமை காலையில அடக்கம். ஞாயித்துக்கிழமை குழி முடிஞ்சாகணும். மூணு பேருன்னா அந்தக் கல்லு மண்ணுல முடியாது. நான் சின்ன ஜேசிபியைக் கொண்டாந்து ஓரமா நிறுத்தி வைக்கிறேன். யாரும் குறை சொல்ல மாட்டாங்க." திங்கட்கிழமை மண்ணைத் திறப்பது எங்கள் பக்கத்தில் ஆகாது, அதனால் தள்ளிப்போடவும் வழியில்லை. அட்ராக்டா கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கொடுக்க முடியாமல் போய்விடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று மண்வெட்டிகள் வந்தன. செத்தவளின் புருஷன் அங்கே வரவே கூடாது. வந்தார். உள்ளே போகாமல் மதிலுக்கு வெளியே நின்றுகொண்டார், அவ்வளவுதான் அவர் வழக்கத்துக்குக் கொடுத்த மரியாதை. மூன்று பேரும் அடையாளம் வைத்த இடத்தைச் சுற்றி நின்றார்கள், யாரும் மண்ணைத் தொடவில்லை. முதல் புல்கட்டி அவர்களுடையது அல்லவே. சாலையோரத்தில் டூலனின் மஞ்சள் இயந்திரம் நின்றது.

"இன்னும் கொஞ்சம் பாப்போம்," என்றார் பாக்கி கீனி.

"எதைப் பாக்கப் போற? ஸ்டாம்ப் ஒட்டின மண்வெட்டி தபால்ல வருமா?" என்றார் ஃபெலிம் மதிலுக்கு வெளியிலிருந்து. டூலனைப் பார்த்துக் கையைத் தூக்கப் போனார்.

அப்போதுதான் அந்தக் கறுப்புக் கார் வளைவில் திரும்பியது. பின் கதவு திறந்தது. பழைய ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ், தோளில் அவர் அப்பாவின் மண்வெட்டி. நாட்டின் டானிஷ்டா இறங்கினார்.

"ராத்திரி வரைக்கும் கால்வே ஊர்ல மீட்டிங், ஃபெலிம். வீட்டுல மண்வெட்டியை எடுத்துக்கிட்டு நேரா வர்றேன். மூணு பேரும் ஆரம்பிக்காம இருக்கீங்களே, நான் வரமாட்டேன்னா நெனச்சீங்க?"

"அட்டை வந்துச்சே," என்றார் ஃபெலிம்.

"எந்த அட்டை?" ஃபின்டனுக்கு அப்புறம்தான் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. "ஐயோ... அது ஆபீஸ்ல இருக்கிற பிள்ளைங்க அனுப்புறது. என்னைத் திட்டுங்க, ஃபெலிம். நல்லாத் திட்டுங்க."

"அப்புறமாத் திட்டறேன். இப்ப வெட்டு."

டானிஷ்டா சிலுவை போட்டுக்கொண்டு முதல் புல்கட்டியைப் பெயர்த்தார். டூலன் சத்தமில்லாமல் தன் இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலை நடந்தது. கல்லும் களிமண்ணும் கலந்த மண், ஒவ்வொரு வெட்டுக்கும் பல் கூசும் சத்தம். பாக்கி, "சபையில உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சுடா உனக்கு," என்று ஃபின்டனைச் சீண்டினார். "நீங்க நாப்பது வருஷம் சாஞ்சு நின்ன இடுப்பு மட்டும் நல்லாவா இருக்கு?" என்று ஃபின்டன் திருப்பிக் கொடுத்தார். டாரியஸ் பேசாமல் இரண்டு ஆள் வேலையைச் செய்தான். கூட வந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வாசற்கதவில் நின்றார்கள், ஒருவர் கார் ஓட்டுகிறவர், இன்னொருவர் ஜசின்டா என்ற டப்ளின் பெண். நெஞ்சளவு ஆழம் வந்தபோது குழிக்குள் இரண்டு பேர்தான் நிற்க முடிந்தது. ஃபின்டனும் டாரியஸும் உள்ளே இருந்தார்கள்.

ஜசின்டாவின் கையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள் முகம் மாறியது. ஓடி வந்து குழி ஓரத்தில் மண்டியிட்டாள்.

"டானிஷ்டா, நீங்க பேசியாகணும். பிரதமர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போன இடத்துல விழுந்துட்டாங்க. மூளையில ரத்தக்கசிவாம். ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க. நினைவே இல்லையாம்."

மண்வெட்டிகள் நின்றன. ஃபெலிமுக்கு மதிலுக்கு வெளியே இருந்தாலும் எல்லாம் காதில் விழுந்தது. அவருக்குச் சட்டம் தெரியாது என்று நினைக்காதீர்கள், பேப்பரில் ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள். பிரதமர் செயலற்றுப் போனால் அந்த நிமிஷத்திலிருந்து எல்லா அதிகாரமும் யாரிடம் வரும் என்று அவருக்குத் தெரியும். படை, பணம், மந்திரிகள், இந்தத் தீவில் இருக்கிற அரசாங்கம் முழுக்க இப்போது ஒரே ஆள் கையில். அந்த ஆள் அட்ராக்டாவின் குழிக்குள் நெஞ்சளவு மண்ணில் நின்றுகொண்டிருக்கிறான். ஃபெலிமின் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

ஃபின்டன் கையை ஸ்வெட்டரில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். குழி விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"அவங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா? ... இன்னும் சொல்லலையா? அப்படின்னா ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. யார் வாயிலிருந்தும். மொதல்ல அவர்கிட்ட நான் பேசறேன். டிவியைப் பாத்து அந்த மனுஷன் தெரிஞ்சுக்கக் கூடாது."

பிறகு அந்த அம்மாளின் கணவரோடு பேசினார். மற்ற மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃபின்டன் ரொம்பத் தணிந்த குரலில் பேசினார்: "ஆமாம்... இல்லை, இன்னும் தெரியலை. நல்ல டாக்டருங்க கையிலதான் இருக்காங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க, அரசாங்க விமானம் உங்களுக்காக நிக்கும். உங்க வீட்டு வாசல்ல கார் வந்துடும்." பெண்டாட்டியைப் பறிகொடுத்து இரண்டே நாள் ஆன ஃபெலிம், எங்கோ டப்ளினில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த முகம் தெரியாத மனுஷனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த பேச்சு வேறு மாதிரி. விமானப்படை, ஜனாதிபதி மாளிகை, மந்திரிகளைக் கூட்டுவது, நாளைக் காலை வங்கிகள் திறக்கும்முன் என்ன அறிவிக்க வேண்டும் என்பது. ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், 'செய்யுங்க' என்றார், 'வேண்டாம்' என்றார். போன் கைமாறும் இடைவெளிகளில் குனிந்து இரண்டு வெட்டு வெட்டினார், பேசாமல் சும்மா நிற்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன்னிடம் திட்டு வாங்கிய அந்தப் பையனா இது என்று ஃபெலிம் பிரமித்துப் போய் நின்றார். ஏன்டா அப்பா, இத்தனை பெரிய பாரம் ஒரு மனுஷன் தோளில் இறங்கினால் கால் மண்ணுக்குள் புதையாதா! புதையவில்லை. அரைமணி நேரம் அயர்லாந்து தேசம் அந்தக் குழியிலிருந்து ஆளப்பட்டது. அது அங்கே இருந்தவர்களைத் தவிர வேறு ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

"ஹெலிகாப்டர் கால்பந்து மைதானத்துல இறங்கப் போகுது, டானிஷ்டா," என்றாள் ஜசின்டா.

ஃபின்டன் காலடியைப் பார்த்தார். தரை இன்னும் மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது. கடைசி மண் அவருடையது. முதல் வீட்டு ஆள் அதை அள்ளாமல் ஏறினால் குழி முடிந்ததாகக் கணக்கில்லை. பாக்கிக்கு அது தெரியும், லார்கனுக்குத் தெரியும். ஃபின்டன் மதில் பக்கம் பார்த்தார்.

"ஃபெலிம்..."

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஃபெலிமுக்கு அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்? அவர் கேட்டிருந்தால் அவன் நின்றிருப்பான். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏறுடா," என்றார். "அந்தம்மா இடத்துல நிக்க உன்னை விட்டா யார் இருக்கா? போ."

"கடைசி மண்ணு, ஃபெலிம்."

"உன் இடத்துல நிக்க ஒரு ஆளை விட்டுட்டுப் போ. உன் கையால மண்வெட்டியைக் குடு. உன் வீட்டு ஆளுன்னு நான் ஏத்துக்கறேன்."

ஃபின்டன் மேலே ஏறி வந்தார். சுற்றிலும் பார்த்தார். காரை ஓட்ட ஒருவர் வேண்டும். மிச்சம் ஜசின்டாதான். அப்பாவின் மண்வெட்டியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"நானா?" என்றாள் அவள். "சார், எங்க வீட்டுல ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. நான் பொம்பள வேற. இங்க வழக்கம்..."

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண் குழிக்குள் இறங்கியது அதுவரை கிடையாது. எல்லோரும் ஃபெலிமைப் பார்த்தார்கள்.

"அட்ராக்டா வேண்டாம்னு சொன்னது மெஷினை," என்றார் ஃபெலிம். "இறங்கும்மா. பாத்து, ஓரம் வழுக்கும்."

ஜசின்டா கோட்டைக் கழற்றி மதில் மேல் போட்டாள். டாரியஸ் கீழே இருந்து கை கொடுத்தான். எப்படிச் சமன் செய்வது என்று அவன் காட்டக் காட்ட, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு இழைத்தாள். கறுப்புக் கார் போன சத்தமும் ஹெலிகாப்டர் எழும்பிய சத்தமும் அடங்கிய பிறகுதான், அந்த டப்ளின் பெண் கடைசி மண்ணை அள்ளி மேலே போட்டாள். பாக்கி கீனி, வாய் ஓயாத அந்த பாக்கி கீனி, ஒன்றும் பேசாமல் அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. அட்ராக்டா முன்னறையில் பெட்டிக்குள் தன் நீலச் சட்டையோடு படுத்திருந்தாள். அடுக்களையில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது, டானிஷ்டா நாட்டு மக்களோடு பேசப் போகிறாராம் என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள்.

"சாவு வீட்டுல டிவி போடலாமாப்பா?" என்று உர்சுலா தயங்கினாள்.

"போடு. முன்னறைக் கதவைத் தெறந்து வை. அவளும் கேக்கட்டும்."

ஃபின்டன் திரையில் வந்தார். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பிரதமர் அறுவை சிகிச்சையைத் தாங்கிவிட்டார் என்றும், இன்னும் ஆபத்து நீங்கவில்லை என்றும், அவர் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றும், அரசாங்கம் நிற்காமல் நடக்கும் என்றும் சொன்னார். அடுக்களையில் சாண்ட்விச் தட்டைப் பிடித்தவர்கள் பிடித்தபடி நின்றார்கள். காகிதத்தைப் புரட்ட அவர் கையை எடுத்தபோது காமிரா கிட்டே வந்தது.

"அவன் நகத்தைப் பாருங்க," என்றார் பாக்கி.

பத்து விரல் நகக்கண்ணிலும் கறுப்பாகக் களிமண். விரல் மடிப்பு ரேகைகளிலும் மண்.

"பாவம், கழுவ நேரம் இருந்திருக்காது," என்றார் லார்கன் வாத்தியார்.

"சூட்டு மாத்த நேரம் இருந்துச்சு," என்றார் ஃபெலிம். "தலை வார நேரம் இருந்துச்சு."

கைகளில் கொப்புளத்தோடு அடுப்பு ஓரம் உட்கார்ந்திருந்த ஜசின்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஃபெலிம் எழுந்து முன்னறைக்குப் போனார். பெட்டியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கை மேல் கையை வைத்தார்.

"அட்ராக்டா, நாடே அவனைப் பாத்துக்கிட்டு இருக்கு," என்றார். "கையில உன் மண்ணோட நிக்கிறான்."

வெள்ளிக்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதார். அடுக்களையிலிருந்து யாரோ எழுந்து வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்கள்.